ஊசிப் பிழை

ஆய்வுத் தலைவரின் கட்டைவிரல் நகத்துக்கடியில் எப்போதும் ஒரு பச்சைக் கறை இருக்கும். அதைப் பார்த்தாலே அவளுக்கு அருவருப்பு வரும். மார்பில் கட்டிக்குப் பக்கத்தில் ஊசி போட்டால், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சு வரை ஓடிப்போய்த் திரையில் ஒளிரும் பச்சைச் சாயம் ஒன்றைச் செய்தவர் அவர். அந்த முடிச்சை எடுத்துப் பார்த்தால்தான் புற்று பரவியிருக்கிறதா என்று தெரியும். நோயாளிகளுக்கு அந்த ஊசியைப் போடுபவள் அவள்.

முதல் கட்டச் சோதனையில், பருமனான மூன்று பெண்களுக்குத் திரை இருட்டாகவே கிடந்தது. "ஊசிப் பிழைன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா" என்றார் தலைவர், தேநீரில் பிஸ்கட்டை நனைத்தபடி. பிழை தன் கையில் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு போட்டாள். ஊசிப் பிழை என்றால் சாயத்தின் தோல்வியாகக் கணக்கில் வராது. ஆக, சாயம் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்றாகிவிட்டது. நல்லவேளை, அன்று பழைய நீலச் சாயமும் துணைக்கு இருந்து முடிச்சைக் காட்டிக்கொடுத்தது. பிறகு இந்தப் பீற்றலை நம்பி அந்த நீலத்தை நிறுத்திவிட்டார்கள். இனி ஒளிராவிட்டால் எடுக்க எதுவும் இல்லை என்பது விதி.

இன்று அறுவை மேசையில் கிடந்தது அவளுடைய அக்கா. அக்காவும் கனத்த உடம்புக்காரி. "உன் கையால ஊசின்னா எனக்கென்னடி பயம்" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினாள்.

திரை இருட்டு.

"எதுவும் ஒளிரல. மூடிடலாம்" என்றார் அறுவை மருத்துவர்.

தலைவர் அவள் காதருகே குனிந்தார். பிஸ்கட் வாடை அடித்தது. "வழக்கம்போல எழுதிடும்மா."

சீ, என்ன மனுஷன் இவன்.

"டாக்டர், மூடாதீங்க" என்றாள். "ஊசி சரியாத்தான் போட்டேன். முன்னாடி அந்த மூணு பேருக்கும் சரியாத்தான் போட்டேன். கொழுப்பு அதிகமா இருந்தா இந்தச் சாயம் ஓடவே மாட்டேங்குது. பிழைன்னு எழுதினது பொய்."

தலைவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நீலச் சாயம் வந்தது. கால் மணி நேரத்தில், அக்காவின் அக்குளிலிருந்து கடலை அளவில் இரண்டு முடிச்சுகள் கிண்ணத்தில் விழுந்தன. ஒன்று, புற்று ஏறியதுபோல், கல்லாக இறுகியிருந்தது.

மருத்துவர் தலை நிமிராமல் கேட்டார்: "போன வாரமும் ஒரு அம்மாவுக்கு இருட்டா இருந்துச்சு. எதுவும் எடுக்காம மூடி வீட்டுக்கு அனுப்பினோம். அன்னிக்கும் நீங்கதானே ஊசி போட்டது?"

"ஆமா."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

அந்த அம்மா அவளுக்கு யாரோ. அதுதான் பதில். மறுபடி அதே அருவருப்பு வந்தது, இம்முறை தலைவரை நினைத்து அல்ல.