ஆறு அங்குல உயரம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் தெருக் கணக்காளர் தன் பிக்கப் வண்டியை ஆறு அங்குலம் உயர்த்திவிட்டார். சஸ்பென்ஷன், வீல், டயர் எல்லாம் மலையேறுகிற வண்டிகளுக்குப் போடுவது. மாதக்கணக்கில் வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அவர் ஏறுகிற ஒரே மேடு ஆபீஸ் வாசல் வேகத்தடைதான்.

மறுநாள் காலை, முட்டி ஆபரேஷன் ஆன தன் அம்மாவை அவர் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தாள். எட்டவில்லை. அந்த வீடியோக்களில் யாருடைய அம்மாவும் வண்டி ஏறியதில்லை. சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அது ஆடியது. தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"என்ன சார், ஏணி வண்டியோட வராதா? தனியா வாங்கணுமா?" என்றார் எதிர்வீட்டு டெய்லர்.

கணக்காளருக்குக் காதுவரை சூடேறியது. "பிடிச்சுக்கோம்மா, நான் தூக்கி உக்கார வைக்கிறேன்."

"வேணாம்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க." மகனின் முகத்தைப் பார்த்ததும் அம்மா அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கால் மடங்கல."

அதற்குப் பிறகு அவரால் தலை நிமிர முடியவில்லை. புது டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா டாக்ஸியில் போனாள்.