கடல் பக்கத்து இருக்கை

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நான்கு நாற்காலிகளைக் கூடத்தின் நடுவில் இரண்டிரண்டாக மகள் நிறுத்தியபோது, கடலோரப் பயணத்தைப் பற்றிய ஆலோசனை பேச்சு நிலையைக் கடந்து ஒத்திகை நிலையை எட்டியிருந்தது. வலது முன் நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் பெரிய தட்டொன்றைச் சாய்த்து வைத்தாள். அது ஸ்டியரிங். பின்வரிசைக்குப் பின்னால் இரண்டு தலையணைகளை அடுக்கினாள். அவை பெட்டி படுக்கை.

"இப்படி உக்காந்து பாத்தாதான் யாருக்கு எங்க கால் இடிக்கும்னு தெரியும்," என்றாள். பள்ளியின் கடைசி வகுப்பில் படிக்கிறவள். செய்து பார்க்காத எதையும் நம்பமாட்டாள்.

மாடியில் குடியிருக்கும் அவளுடைய அத்தை முதல் ஆளாக வந்து இடது முன் நாற்காலியைப் பிடித்தார். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. சாதாரணப் பேச்சையும் மருந்துச் சீட்டைப் படித்துக்காட்டுகிற குரலில்தான் பேசுவார்.

"எனக்கு முன் சீட்டு. பின்னால உக்காந்தா வாந்தி வரும். வளைவு ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு மாத்திரை. அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட பேசக் கூடாது."

"நீங்க பேசாம இருந்தா, என்ன ஆச்சுன்னு கடலே திரும்பிப் பாக்கும் அத்தை."

"வாயப் பாரு. உங்க அப்பன் பேசாததையும் சேத்து நீயே பேசித் தீத்துடு."

அந்த அப்பன், அதாவது அத்தையின் தம்பி, வலது பின் நாற்காலியில் ஏற்கெனவே அடக்கமாக உட்கார்ந்திருந்தான். செயற்கைப் பற்கள் செய்வது அவன் தொழில். தெருவில் அவனைப் பல்செட்டு என்றால்தான் தெரியும். ஈறு நிறத்து மெழுகைச் சிறு கத்தியால் இழைத்து இழைத்து, யாரோ ஒருவரின் மேல்தாடைக்கு உள்ளே ஒரு மயிரிழைகூட உறுத்தாதபடி பொருத்துவதில் நாள் முழுவதையும் செலவழிப்பவன். வாயே திறக்காதவன் ஊரார் வாய்க்கெல்லாம் வேலை செய்கிறானே என்று அவனுடைய அக்காள் அலுத்துக்கொள்வதுண்டு.

தட்டுக்கு எதிரே உட்கார வேண்டியவள் டிரைவரம்மா. அவனுடைய மனைவி. நகரத்துப் பேருந்து நிலையத்திலிருந்து துறைமுகம் வரை, குன்றின் இடுப்பைச் சுற்றிக் கடலுக்கு மேலாகவே செல்லும் தடத்தில் அவள் பேருந்து ஓட்டுகிறாள். பணிமனையில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், சீருடையோடு கழன்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அவர்கள் போகவிருந்த பாதையின் முதல் பாதி அவளுடைய தடம்தான். அதைத் தாண்டி, அதே கரையோரமாகக் கலங்கரை விளக்கம் வரைக்கும் போய் வருவதாகத் திட்டம். யார் ஓட்டுவது என்ற கேள்வியை யாரும் எழுப்பவே இல்லை. சமையலறையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை, அதுபோலத்தான் இதுவும்.

கையைத் துண்டில் துடைத்தபடி வந்த டிரைவரம்மா, தட்டைப் பார்த்தாள். பிறகு நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போய், மீதமிருந்த இடது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அது என் சீட்டு. கடல் பக்கம்."

"தெரியும். அதான் உக்காந்தேன்."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுவா? தட்டா?"

டிரைவரம்மா எழுந்திருக்கவில்லை. இல்லாத ஜன்னலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தக் கடல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

நாத்தனார் முன் நாற்காலியோடு சேர்ந்து திரும்பினார். "தினம் கடலுக்கு மேலயே குன்றச் சுத்திப் போயிட்டு வர்றவ பேசற பேச்சா இது?"

"சுத்தறவளுக்கு ரோடுதான் அண்ணி தெரியும்."

கடற்கரை மணலில் அவளும் கால் நனைத்திருக்கிறாள். ஆனால் குன்றின் மேலிருந்து தெரியும் கடல் வேறு. வண்டியை ஓரங்கட்டி நிறுத்த அந்தப் பாதையில் ஒரு சாண் இடமும் கிடையாது. மூன்றாவது வளைவு திரும்பியதும், தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் பயணிகளின் முகங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் சாயும். அழுதுகொண்டிருக்கும் குழந்தை வாயை மூடும். அலுவலகக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பவர் கோப்பை மறப்பார். கடலைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த முகங்கள் வழியாகத் தெரிந்தவைதான். அவள் கண்ணுக்கு முன்னால் இருப்பது சாலையின் வெள்ளைக் கோடும், எதிரே எப்போது வேண்டுமானாலும் முளைக்கக்கூடிய லாரியும் மட்டுமே.

"போன வாரம் ஒரு அம்மா இறங்கும்போது சொன்னாங்க. 'தாயி, இன்னைக்குத் தண்ணி ரெண்டு நிறமா பிரிஞ்சு கெடந்துச்சு, பாத்தியா?'ன்னு. பாத்தேன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?" டிரைவரம்மா சிரித்தாள், ஆனால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்த கை தளரவில்லை. "இந்த ஒரு தடவை நான் பயணியா வரேன். இல்லன்னா எனக்கு இந்த லீவே வேண்டாம்."

மகள் தட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாத்தனார், "கூலிக்கு ஒரு டிரைவரப் பிடிச்சா?" என்று ஆரம்பித்தார்.

"அவரு மடியில யாரு உக்காருவா அத்தை? நாலு பேருக்கே வண்டி முக்குது. பின்னால மூணு பேருன்னா ஜன்னல் இவங்களுக்கு, நடுவுல நான் நசுங்கணும்."

"அப்பாகிட்ட லைசென்ஸ் இருக்கே," என்றாள் டிரைவரம்மா.

"இருக்கு," என்றாள் மகள். "அந்த போட்டோவுல அவருக்கு முடியும் இருக்கு."

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். "எந்தம்பி வண்டி ஓட்டினா நாம போய்ச் சேரறதுக்குள்ள கடல் வத்திடும். சேர்ந்தாத்தானே அதுவும். எனக்கு உயிரோட திரும்பி வரணும்னு ஒரு சின்ன ஆசை இருக்குப்பா."

பல்செட்டு தன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தான். திருமணத்துக்கு முன்பு அவனும் வண்டி ஓட்டியவன்தான். பேருந்து ஓட்டுகிறவள் வீட்டுக்கு வந்த பிறகு, அவளெதிரே கியரைத் தொடுவது சமையற்காரரின் வீட்டில் விருந்து வைப்பது போலத் தோன்றியதால், பேசாமல் பின்னிருக்கைக்கு இடம் மாறியிருந்தான். இப்போது எழுந்து முன்னால் போனான். தட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "நானே ஓட்டறேன்," என்றான்.

"டேய், தட்டையா வண்டியையா?"

"வண்டியத்தான்கா."

பேச்சுக்குப் பேச்சு நிபந்தனைகள் முளைத்தன. கடைசியில் நாத்தனார் தீர்ப்பைச் சொன்னார். அன்று சாயங்காலமே நால்வரும் காரில் கடைவீதி ரவுண்டானா வரைக்கும் போய்த் திரும்புவது. தம்பி ஓட்டுவான். பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்து வருகிறவள் ஜன்னலை மட்டுமே பார்க்க வேண்டும். "நீ ரோட்டப் பாத்தா, அப்புறம் அந்த சீட்டுக்கு அர்த்தமே இல்ல. மரியாதையா ஸ்டியரிங்குக்கு வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம் அண்ணி," என்றாள் டிரைவரம்மா. அது எவ்வளவு கடினம் என்று அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தெருமுனையைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. கார் புறப்பட்டதும் அவளுடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை என்பதை அந்தக் காலுக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. முன்னிருக்கைகளுக்கு இடையே அவள் கழுத்து தானாகவே நீண்டது.

"செகண்டுக்கு வாங்க. வாங்கன்னா! அந்த சைக்கிள் உள்ள வரும் பாருங்க."

"அம்மா, ஜன்னல்!"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஏங்க, கிளட்ச்ல இருந்து கால எடுங்க, அது என்ன கால்மிதியா?"

"நீ பாக்கறது ஜன்னலா? அது எந்தம்பியோட பிடரி," என்றார் நாத்தனார், மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றியபடி.

பல்செட்டின் கழுத்து வியர்த்தது. ஒவ்வொரு அறிவுரைக்கும் ஒரு கணம் தாமதமாக அவன் கை கீழ்ப்படிந்தது. அந்தத் தாமதத்தாலேயே அடுத்த அறிவுரை தேவைப்பட்டது. ரவுண்டானாவை எட்டியபோது தரைவிரிப்பு டிரைவரம்மாவின் காலடியில் உருண்டு சுருண்டு கிடந்தது. அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"முடிஞ்சுது," என்றார் நாத்தனார். குரலில் வெற்றி இருந்தது. கூடவே, அவரே எதிர்பாராத ஒரு வருத்தமும் இருந்தது. "எறங்கி மாத்திக்கோங்க."

டிரைவரம்மா கதவைத் திறக்கக் கை வைத்தாள். "அவரு மேல தப்பில்ல அண்ணி. எனக்குத்தான் சும்மா உக்காரத் தெரியல." ஒரு வளைவில் நாற்பது உயிரை வைத்துத் திருப்புகிறவளின் குரல் அவ்வளவு சிறியதாக ஒலித்து அந்த மூவரும் கேட்டதில்லை.

"எறங்காத," என்றான் பல்செட்டு. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். "பல்லு செய்யும்போது அந்தப் பல்லுக்காரரே பக்கத்துல நின்னு பாத்தா எனக்குக் கை ஓடாது. வெளிய உக்காருங்கன்னு சொல்லிடுவேன். முடிச்சுக் குடுத்தா சரியாத்தான் இருக்கும். நீயும் கொஞ்சம் வெளிய உக்காரு. வீடு வரைக்கும் நான் கொண்டுபோறேன்."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதைக் கேட்டு மகள் அத்தையின் தோளைக் கிள்ளினாள்.

டிரைவரம்மா கதவிலிருந்து கையை எடுத்தாள். நெற்றியைக் கண்ணாடியில் பதித்து, அதை அங்கேயே ஆணி அடித்ததுபோல் வைத்துக்கொண்டாள். கார் திரும்பியது. கால் மட்டும் இரண்டொரு முறை துடித்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

கடைவீதியின் ஏற்றத்தில், சிக்னல் பச்சைக்கு மாறிய அந்த நொடியில், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. சாவியைத் திருகினான். இருமியது. மறுபடி திருகினான். பின்னால் ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பேருந்து வந்து நின்று, தெருவே அதிரும்படி முழங்கியது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது.

"யாருப்பா அது? வண்டிய அங்கயே குடி வெச்சுட்டீங்களா?"

நாத்தனார் கண்களை மூடிக்கொண்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். இதோ, இப்போது அந்தக் கழுத்து நீளும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

டிரைவரம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டினாள். ஆனால் அவள் முகம் சாலையின் பக்கம் திரும்பவில்லை, மேல்நோக்கி நிமிர்ந்திருந்தது. பின்பக்கமாக ஒரு கையை மட்டும் உயர்த்தி, "அண்ணே, ஹாரன் அடிக்காதீங்க, பயந்துடும்!" என்றாள்.

குரலைக் கேட்டதும் பேருந்துக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். அதே பணிமனை. "டிரைவரம்மாவா? எது பயந்துடும்? உங்க வீட்டுக்காரரா?"

"மேல பாருங்கண்ணே!"

பூட்டிய துணிக்கடையின் பெயர்ப்பலகைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கில் ஒரு சாம்பல் நிறப் பூனை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு, பலகையின் மேல்விளிம்பில் அடிமேல் அடி வைத்து நடந்து, பக்கத்து மாடி ஜன்னலுக்குள் இறக்கிவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பி வந்தது. இந்தப் பலகைக்குக் கீழேதான் டிரைவரம்மா தினமும் போகிறாள், வருகிறாள். இங்கே ஒரு மாடி இருப்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. ஜன்னலில் நின்ற ஒரு சிறுமி மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் ஏந்தியிருந்தாள்.

ஹாரன்கள் அடங்கின. அந்த அமைதியில் பல்செட்டு ஒருமுறை மூச்சை இழுத்து விட்டான். கிளட்சை முழுதாக மிதித்து, மெழுகை இழைப்பது போன்ற நிதானத்தோடு சாவியைத் திருப்பினான். இஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் பின்னால் ஒரு விரற்கடைகூட உருளாமல், குலுங்காமல், ஏற்றத்தில் மெல்ல முன்னேறியது. ஒரு பேருந்து ஓட்டுநர் பார்த்திருந்தால் தலையசைத்துப் பாராட்டியிருக்கக்கூடிய நகர்வு.

"ஐயோ, அதுக்குள்ள எடுத்துட்டீங்களே!" என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு கூச்சல். "இன்னும் ஒரு குட்டி பாக்கி!"

மகள் தன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பல்செட்டின் காதுமடல்வரை சிவந்திருந்தது. அவன் சிரிக்கிறான் என்பது அதில்தான் தெரிந்தது.

நாத்தனார் கண்ணைத் திறந்தார். உயிர் இருந்தது. பின்னால் திரும்பித் தம்பி மனைவியைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே கழுத்தைத் திருப்பி, கண்ணிலிருந்து மறையும் பலகையை இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

"குட்டி என்ன நெறம்?" என்று கேட்டார்.

"ஒண்ணு வெள்ளை அண்ணி. இன்னொண்ணு அம்மா மாதிரியே. மூணாவது என்னன்னு பாக்கறதுக்குள்ளதான் இவரு..."

"நான் ஒண்ணையுமே பாக்கல. கண்ண மூடித் தொலைச்சுட்டேன்." நாத்தனார் முன்பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "டேய், வீட்டுக்கு இப்ப என்ன அவசரம்? வண்டியத் திருப்பி ரவுண்டானா வரைக்கும் இன்னொரு சுத்து விடு. அந்த எடத்துல கொஞ்சம் மெதுவாப் போ."

"சரிக்கா," என்றான் பல்செட்டு.

திரும்புவதற்கு இண்டிகேட்டரைப் போடுவதாக எண்ணி வைப்பரைப் போட்டான். மழை இல்லாத கண்ணாடியில் அது கிறீச் கிறீச் என்று இப்படியும் அப்படியும் ஆடியது. பின்னிருக்கையில் அது யாருக்கும் கேட்கவில்லை.