கந்தல் என்று எழுதிக் கொடுத்த பெட்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு அடுத்தவன் வீட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. ஏற்றுகிறவனுக்கும் தெரிய வேண்டும், இறக்குகிறவனுக்கும் தெரிய வேண்டும், கொழும்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாதவனுக்கும் தெரிய வேண்டும். வெட்கமே இல்லாமல் நடுக்கடையில் வைத்துக் கேட்கிறார்கள். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பத்திருபது ஆட்களை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணியாக இருந்த தம்பையாவிடம் அன்றைக்கு அப்படித்தான் கேட்டார்கள்.

கேட்டவன் ஷுக்ரி. பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்தான். கூடவே கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டு வேலையும் பார்த்தான். அவன் கடை வாசலிலிருந்து வாரம் ஒருமுறை ஐந்து மாட்டு வண்டிகள் பண்டாரவளைக்குப் போகும். ரயில் அதுவரைக்கும்தான் வந்திருந்த காலம் அது. அங்கிருந்து சாமான் ரயிலேறிப் போகும்.

"பொட்டிக்குள்ள என்ன கங்காணியாரே?"

"கந்தல்."

ஷுக்ரி பெட்டியைப் பார்த்தான். புதுத் தகரம் பளபளத்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டுத் தொங்கியது.

"கந்தலுக்கா இந்தப் பூட்டு?"

"எலி வரும்."

கடை ஓரம் குந்தியிருந்த வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். "பூட்டைத் தொறக்கிற எலியா கங்காணி? அப்ப அது தோட்டத்து எலி இல்ல, டவுன் எலி" என்றான் ஒருவன். தம்பையா சிரிக்கவில்லை. இப்படிச் சிரிக்கிறவர்களிடம்தான் அவருக்குப் பயமே.

பெட்டி அவருடைய மகன் லிங்கத்துக்குப் போக வேண்டியது. பதினேழு வயது. தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்திலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். கண்டியில் இடம் கிடைத்து, வாத்தியாரோடு முதல் நாளே குதிரை வண்டியில் போய்விட்டான். அந்த வண்டியில் ஆளுக்கு ஒரு சின்ன மூட்டைக்குத்தான் இடம். காலேஜ் விடுதியிலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. கோட்டு ஒன்று, சப்பாத்து ஒரு சோடி, கம்பளி இரண்டு, படுக்கை விரிப்பு, அகராதி, கணக்குப் புத்தகங்கள் என்று அது நீண்டுகொண்டே போனது. மாத முடிவுக்குள் எல்லாவற்றையும் காட்டாத பிள்ளைக்கு விடுதியில் கட்டில் இல்லை. கண்டியில் அவர்களுக்கு வேறு யாரும் இல்லை. கட்டில் இல்லையென்றால் படிப்பும் இல்லை. தம்பையாவின் பெண்சாதி வடிவம்மாவின் அட்டியலும் தோடும் போய்த்தான் அந்தப் பெட்டி நிறைந்தது. அவள் காதில் இப்போது வேப்பங்குச்சி இருந்தது.

"உள்ளத உள்ளபடி சொல்லுங்க. கம்பெனி இப்ப இன்சூரன்ஸ் போடுது" என்றான் ஷுக்ரி. "நூறு ரூவாச் சாமானுக்கு ஒரு ரூவா கட்டினாப் போதும். தொலைஞ்சாலும் நனைஞ்சாலும், எழுதின பெறுமதி உங்க கையில. காலேஜுக்குப் போற புள்ளைங்க சாமானுக்குன்னா எல்லாரும் இப்பப் போடுறாங்க."

"தொலையும்னு தெரிஞ்சுதான் முன்கூட்டியே சல்லி கேக்குறியோ?"

"அல்லாவே! அப்படியில்ல..."

"என்னங்க, சொல்லிருங்களேன். ஒரு ரூவாதானே" என்று வடிவம்மா பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

"நீ சும்மா இரு."

ஒரு ரூபாய்க்காக அவர் அப்படிச் செய்யவில்லை. சின்ன வயதில் கடல் தாண்டி வந்து இறங்கியபோது, கரையில் வரிசையாக நிற்க வைத்து மூட்டையில் என்ன என்று கேட்டார்கள். வெண்கலச் செம்பு இருக்கிறது என்று அவருடைய அப்பா உண்மையைச் சொன்னார். விடிந்து பார்த்தால் செம்பு இல்லை. கந்தல் என்று சொன்னவர்களின் மூட்டையை ஒருவரும் தொடவில்லை. அன்றிலிருந்து லயத்து ஆட்களிடம் எந்த அதிகாரி, எந்தக் கடைக்காரன் கேட்டாலும் ஒரே பதில்தான். பெண்களின் சீர் மூட்டைகூடக் கந்தலாகவே மலையேறியது. தம்பையாவுக்கு அது பொய்யாகவே படவில்லை. வாசலுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல அது ஒரு காரியம்.

"பழைய துணின்னு எழுது. எட்டு ரூவான்னு போட்டுக்க."

ஷுக்ரி பேனாவைக் கீழே வைத்தான். "யோசிச்சுச் சொல்லுங்க. பெறுமதியான சாமான் முன் வண்டியில, தார்ப்பாய்க்கு அடியில போகும். பழைய துணின்னு எழுதினா கடைசி வண்டியிலதான் ஏத்துவாங்க. அதுவும் மேலாக."

தம்பையாவுக்கு அது இன்னும் நல்லதாகப் பட்டது. கடைசி வண்டியில் மேலே கிடக்கிற கந்தலை எவன் ஏறெடுத்துப் பார்க்கப் போகிறான்? ஷுக்ரி எழுதியதை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்துக் காட்டினான். தம்பையா பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்து ஐம்பது சதம்கூட ஆகவில்லை. தோட்டத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் சந்தோஷமாகவே நடந்தார்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. பத்தாம் நாள் லிங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. கணக்கப்பிள்ளை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றபடியே அதை வாசித்தார். பெட்டி இன்னும் வரவில்லை; பக்கத்துக் கட்டில் பையனின் போர்வையில் பாதியைப் போர்த்திக்கொள்கிறேன்; வெறுங்காலோடு வகுப்புக்குள் விடமாட்டோம் என்கிறார்கள்; மாத முடிவுக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. கணக்கப்பிள்ளை வாசித்து முடிக்கும் முன்பே வடிவம்மா கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டாள்.

ஷுக்ரி அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான். அதைப் பார்த்ததுமே தம்பையா படியிலேயே நின்றுவிட்டார்.

"நானே ஆள் அனுப்ப இருந்தேன். பண்டாரவளை ரோட்டுல, தெமோதரைக்கு இந்தப் பக்கம் மண் சரிஞ்சிருச்சு. முன்னால போன நாலு வண்டியும் தாண்டிருச்சு. கடைசி வண்டி மாட்டோட பள்ளத்துல போயிருச்சு. வண்டிக்காரன் குதிச்சுத் தப்பினான். பொட்டி ஒண்ணும் மிஞ்சல்ல, கங்காணியாரே. ஆத்துத் தண்ணி கொண்டுபோயிருச்சு."

தம்பையா மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலச் சொன்னார்.

"அதுல இருந்தது கந்தல் இல்ல."

"தெரியும்."

"கோட்டு இருந்துச்சு. இங்கிலீசுப் புஸ்தகம் இருந்துச்சு. நூத்திப் பதினெட்டு ரூவாச் சாமான். பட்டியல் இருக்கு. காட்டுடி!"

வடிவம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்த தாளை நீட்டினாள். ஷுக்ரி அதை முழுவதும் வாசித்தான். அந்தச் சப்பாத்தும் கம்பளியும் அவன் கடையில் வாங்கியவைதான். அவனே அளந்து, அவனே கட்டிக் கொடுத்தவை.

"நான் நம்புறேன். என் கையால வித்த சாமான், நம்பாம என்ன? ஆனா கம்பெனிக்கு நான் எதைக் காட்ட? எட்டு ரூவாப் பழைய துணின்னு எழுதி, உங்க கைநாட்டும் வச்சுக் கொழும்புக்குப் போயிருச்சு."

"நீ எழுதிப் போடு. கெழவன் பொய் சொல்லிட்டான்னு எழுது. எனக்கு ஒண்ணுமில்ல."

"எழுதிட்டேன், மூணு நாளைக்கு முந்தியே எழுதிட்டேன். இந்தா, பதில் வந்திருக்கு. சாமான் போன பொறகு எல்லாப் பொட்டியிலயும் பட்டுத்தான் இருந்துச்சாம், அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்களாம். எட்டு ரூவாயக் குடுத்து முடிச்சிருன்னு எழுதியிருக்கான்."

தம்பையா கடைச் சுவரைப் பார்த்தபடி நின்றார். ஐம்பது வருஷத்தில் அவர் வாய் திறந்து ஒரு வெளியாளிடம் தன் பெட்டிக்குள் இருந்ததைச் சொன்னது அன்றுதான். சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை.

"தோட்டத்துத் தொரைகிட்டக் கேட்டுப் பாருங்களேன்" என்றான் ஷுக்ரி.

"கங்காணி மகனுக்கு எதுக்குச் சப்பாத்துன்னு கேட்ட தொரை அவரு."

"எனக்கிட்ட இருந்தா நானே குடுப்பேன். செத்த மாடு ரெண்டும் என் மாடு." ஷுக்ரி ரூபாய்களை எண்ணி மேசைமேல் வைத்தான். "சப்பாத்துக்குப் போதும். மத்ததுக்கு..."

விற்பதற்கு வடிவம்மாவிடம் இனி ஒன்றுமில்லை. தாலிக்கயிற்றிலும் வெறும் மஞ்சள்தான் கட்டியிருந்தாள்.

"லிங்கத்துக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க தம்பி" என்றாள் அவள். "கொஞ்சம் பொறுத்துக்கன்னு..."

"பொறுத்து?" என்றார் தம்பையா. "எட்டு நாள்ல கோட்டு காய்க்குமா? வந்துரச் சொல்லி எழுது. இந்த எட்டு ரூவா அவன் ரயிலுக்கு."

"என்னங்க!"

"எழுதுப்பா."

ஷுக்ரி எழுதினான். வடிவம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பையா எட்டு ரூபாய்க்கும் பெருவிரலை அழுத்தினார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க" என்றான் ஷுக்ரி. "உண்மையச் சொல்லியிருந்தா பொட்டி முன் வண்டியில போயிருக்கும். இன்னைக்குப் புள்ளை கையில இருந்திருக்கும். அப்படிப் போகாட்டியும் சல்லியாவது வந்திருக்கும்."

தம்பையா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அப்படி நெனைக்கிற. அன்னைக்கு இங்கன குந்தியிருந்தானுவளே, அவனுக காதுல விழுந்திருந்தா ஹாலிஎலை தாண்டுறதுக்குள்ளயே பூட்டு ஒடைஞ்சிருக்கும். கல்லை நெரப்பி அனுப்பியிருப்பானுக. அதுக்கு ஆறே கொண்டுபோகட்டும்."

"நாலு வண்டிச் சாமானும் ஒண்ணு கொறையாமப் போய்ச் சேந்திருக்கே!"

"பொட்டியத் தொறந்து பாத்தவன்தான் அதச் சொல்லணும்."

அவர் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார். வடிவம்மா எழுந்து வருகிறாளா என்றுகூடப் பார்க்கவில்லை. கடைப் படியிலிருந்து இறங்கி, வண்டிக்காரர்கள் ஒதுங்கி விட்ட வழியில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், மழைக்குள் பசறை ரோட்டைப் பார்த்து நடந்தார்.