கூனி யார்?

எனக்கு இந்தி தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொன்னது நான் இல்லை, என் மனைவி ராஜமதி. வடக்கே யாத்திரை போன இருபது நாளில் தண்ணீர் கேட்கவும் வண்டிக்காரனைத் திட்டவும் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். மறுத்திருக்கலாம். வீம்பு, மறுக்கவில்லை.

எண்பத்தாறில், வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய எங்கள் வரிசையில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. செவ்வாய்க்கிழமை ராத்திரி இந்தியில் ஒரு துப்பறியும் தொடர் வரும். பக்கத்து வீட்டு ராமதாசும் அவர் மனைவி தனமும் வந்துவிடுவார்கள். தனத்துக்குத் தபால் ஆபீசில் வேலை. சின்ன வயதில் கிணற்றில் விழுந்ததில் முதுகு வளைந்துவிட்டது. நாலு பேரில் மூளை அவளுக்குத்தான் ஜாஸ்தி. அதனால் விளையாட்டும் அவள் ஏற்பாடு. கதை முடிவதற்குள் குற்றவாளி பெயரை ஆளுக்கொரு சீட்டில் எழுதி டப்பாவில் போடவேண்டும். ஜெயித்தவருக்கு வேர்க்கடலை உருண்டை. நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம். நான் ஜெயித்தால் உருண்டை மறுநாள் காலையில்தான். ஜெயித்தால்தானே!

அந்தச் செவ்வாய் ஒரு பங்களாவில் சேட்டு செத்துக் கிடந்தார். இன்ஸ்பெக்டர் மூச்சுக்கு மூச்சு "கூனி" என்றார். என்ன சொல்கிறார் என்று ராஜமதி கேட்டாள். ஒரு கூனியைத் தேடுகிறார்கள் என்றேன், மிடுக்காக.

பிடித்தது தலைவலி. பங்களாவில் ஒரு கூனியும் இல்லை. சமையல்காரி நிமிர்ந்து நடந்தாள், மருமகள் அதைவிட நிமிர்ந்து நடந்தாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் மீசை வைத்த மேனேஜரின் சட்டையைப் பிடித்து "கூனி" என்று கத்தினார். ஆம்பளை எப்படிக் கூனி ஆவான்? மாறுவேஷமாக இருக்கும் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. மீதி அடுத்த வாரம் என்று போட்டுவிட்டார்கள்.

நடித்துப் பார்த்தால் புரியும் என்றார் ராமதாஸ். அவர் இன்ஸ்பெக்டர், நான் சேட்டு, ராஜமதி சமையல்காரி.

"அப்ப கூனி யாரு?" என்றார்.

தனம் தன் சீட்டை மடித்துக்கொண்டு, காலையில் சீக்கிரம் போகணும் என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. ராஜமதிக்கு இந்த வரிசையில் இருந்த ஒரே சிநேகிதி தனம். எல்லாம் உங்க இந்தியால வந்தது என்று என்மேல் எரிந்து விழுந்தாள். நான் என்ன செய்தேன்? தனத்தை ஒரு வார்த்தை சொன்னேனா? மண்டை காய்ந்தது.

சைக்கிள் கடை பாய் வீட்டில் உருது பேசுவார். அவரிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். கூன் என்றால் ரத்தம், கொலை. கூனி என்றால் கொலை செய்த ஆள், ஆணோ பெண்ணோ. அப்பாடா என்றிருந்தது. நேராகத் தனம் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவளும் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை வா, ராஜமதி தவிக்கிறாள் என்றேன்.

"அது அன்னிக்கே தெரியும்ணா. ஆபீஸ்ல இந்திக்காரங்க வருவாங்க இல்ல, எனக்குக் கொஞ்சம் புரியும். நீங்க தப்பா சொன்னதுக்கு மனசுக்குள்ள சிரிச்சிக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏம்மா வரலை?"

கீரைத் தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள்.

"கூனி யாருன்னு கேட்டதும் நீங்க என்னைப் பாத்தீங்க. ராஜமதி பாத்தா. கேட்டவரும் பாத்தாரு. அது இந்தி இல்லையேண்ணா."