சீசனுக்கு வாரேன்

மாஜிதாவுக்குப் பெரிய ஆசையெல்லாம் ஒண்ணும் கிடையாது. நகை கேட்டாளா, மாடி கேட்டாளா? ஒரே ஒரு சீசனுக்குப் புருசனோட குற்றாலத்துக்குப் போய்க் குளிச்சிட்டு, நடுங்கிக்கிட்டே ஒரு மிளகாய் பஜ்ஜி தின்னணும், அவ்வளவுதான். வீடு தென்காசியில, கூப்பிடு தூரத்துல அருவி. இதுக்குப் போயி ஒருத்தி ஏங்குவாளான்னு கேப்பீங்க. புருசன் சவூதியில தம்மாம்ல இருந்தா ஏங்கத்தான் செய்வா.

புருசன் கிதிர் முகம்மதுக்கு லீவு கிடைக்கதெல்லாம் கோடையிலதான். அப்ப அருவியில பாறையும் குரங்கும்தான் இருக்கும். சாரல் பிடிக்கித மாசத்துல போன்ல கூப்பிட்டு, "தண்ணி விழுதாட்டி?"ன்னு கேப்பான். "நல்லா விழுது மச்சான்"ம்பா. "அடுத்த சீசனுக்கு வாரேன்ட்டி"ம்பான். கல்யாணம் ஆனதுலருந்து இதே பேச்சுதான். ஆனா அந்த 'வாரேன்'ல ஒரு கொஞ்சல் இருக்கும் பாருங்க, அதைக் கேட்டுட்டா அன்னைக்குப் பூரா அவளுக்கு வேலை அலுக்காது.

போன டிசம்பர்ல தம்மாம் கம்பெனிய விட்டுட்டு ஊருக்கு வந்தான். குவைத்துக்குப் புது விசா ரெடி. மெடிக்கல்ல போட்டாங்க ஒரு குண்டு: ரத்தத்துல ஹெப்படைட்டிஸ் பி இருக்கு, அன்ஃபிட். மாமியா ஜாஹிரா பீவி நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுதா. மாஜிதாவும் அழுதா. ஆனா உள்ளுக்குள்ள ஒரு பாழாப்போன சந்தோசம் எட்டிப் பாத்துச்சு, இனி இந்த மனுசன் எங்கயும் போவ முடியாதேன்னு. சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு தன்னையே வைதுக்கிட்டா. சந்தோசம் போற மாதிரி இல்ல.

மஞ்சக்காமாலைதானே, கீழாநெல்லிய அரைச்சுக் குடுன்னு தெருவே சொல்லிச்சு. டாக்டர் உமாராணி விட்டாங்க ஒரு ஏச்சு. "கல்லீரல்ல ஏறி உக்காந்துக்கிடுத வைரஸும்மா இது. மாத்திரை தினமும் ஒரே நேரத்துல உள்ள போவணும். என்னைக் கேக்காம நிறுத்தவே கூடாது. கிட்னியையும் அப்பப்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்." மாஜிதாவுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு தடுப்பூசி போட்டாங்க. முதல்ல கொஞ்ச நாள் கிதிருக்கு வயித்தைப் புரட்டுச்சு, ஒரே அசதி. அப்புறம் சரியாயிருச்சு. பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகை முடிஞ்சதும் மாத்திரையை அவன் உள்ளங்கையில வைக்கது மாஜிதா பொறுப்பு.

ஜூன்ல நல்லா சாரல் பிடிச்ச அன்னைக்கு, வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்க ரத்தம் குடுத்திருந்த லேப்லருந்து போன். இவதான் எடுத்தா. "சாருக்கு வைரஸ் நாட் டிடெக்டட்னு வந்திருக்கு மேடம். தெரியவே இல்ல"ன்னு ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு. மாஜிதாவுக்குப் பக்குன்னு ஆயிருச்சு. தெரியலன்னா போயிருச்சு. அது போயிருச்சுன்னா இவரும் போயிருவாரு.

"மச்சான், எந்திரிங்க, குற்றாலத்துக்குப் போவோம்"னா. போன் வந்ததப் பத்தி மூச்சு விடல.

அருவியில ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். குளிச்சிட்டு வெளிய வந்தா, ஈர லுங்கியோட பல்லு தந்தியடிக்க நின்னு சிரிக்கான் கிதிர். இத்தனை வருசம் நெனச்சுப் பாத்த அதே சிரிப்பு. பஜ்ஜி வாங்கிக் கையில குடுத்தான். ஆசைப்பட்ட பஜ்ஜி, ஒரு வாய் இறங்கல அவளுக்கு. இந்த ஒரு நாள் போதும் ரப்பேன்னு மனசுக்குள்ள அல்லாகிட்ட சொல்லிக்கிட்டு, லேப் சொன்னதைச் சொல்லிட்டா.

"அல்ஹம்துலில்லாஹ்!"ன்னு அவன் போட்ட சத்தத்துல பஜ்ஜிக்கடைக்காரர் திரும்பிப் பாத்தாரு. "ஏட்டி, இன்னைலருந்து மாத்திரை வேண்டாம். குவைத்து மெடிக்கல்ல அது வேற ரத்தத்துல காட்டிட்டுன்னா வம்பு."

"டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க மச்சான்."

"நான் போவக்கூடாது உனக்கு, அதான்!"

உண்மையைச் சொல்லிட்டான்ல, சுருக்குன்னு இருந்துச்சு. "போங்க. தாராளமா போங்க. நான் பிடிச்சு வைக்கல"ன்னா, கண்ணைத் துடைச்சுக்கிட்டே. "ஆனா இன்னைக்கு மாத்திரையை முழுங்குங்க. நாளைக்கு டாக்டர்ட்ட கேட்டுட்டு என்ன வேணா செய்யுங்க." அன்னைக்கு மஃரிப்புக்கு அப்புறம் முறைச்சுக்கிட்டேதான் முழுங்கினான்.

மறுநாள் உமாராணி ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாங்க. "இந்த மாத்திரை வைரஸைக் கொல்லாது முகம்மது. வைரஸ் உங்க கல்லீரலுக்குள்ள இருந்துக்கிட்டு தன்னைத்தானே ஜெராக்ஸ் எடுத்துத் தள்ளும். மாத்திரை அந்த மெஷின்ல போய்ச் சிக்கிக்கிடும், காப்பி வராது. ஒரிஜினல் உள்ளதான் இருக்கு. தெரியலன்னா இல்லன்னு அர்த்தமில்ல. விசா மெடிக்கல்ல தேடுதது காப்பிய இல்ல, வைரஸோட மேல்சட்டைய. அது உங்க ரத்தத்துல இன்னும் ஓடுது. மாத்திரையை நிறுத்தினா எல்லாம் மறுபடி பொங்கி வரும், கல்லீரலே கெட்டுப்போயிரும்."

"அப்ப குவைத்து?"

முடியாதுன்னு அவங்க தலையை ஆட்டினாங்க. "மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஊர்ல நல்லா வாழலாம். நிறைய பேர் வாழுதாங்க."

மாஜிதா கேட்டது கிடைச்சாச்சு. இனி எல்லா சீசனுக்கும் புருசன் ஊர்ல. சந்தோசப்படணும்ல? அவ மனசு வெறிச்சுன்னு கிடந்துச்சு.

அன்னைக்கு மஃரிப்புக்கு அப்புறம் மாத்திரையை முழுங்கிட்டு முன்அறையில போய் உக்காந்தான். தம்மாம்ல கூட இருந்த ஆசிப்புக்குப் போன் போட்டான். "ஏலே, அங்கன வெயில் எப்படிலே? ரூம்ல இன்னைக்கு யாரு சமையல்?" அடுக்களையில நின்ன மாஜிதாவுக்குக் கை ஓடல. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். 'தண்ணி விழுதாட்டி'ன்னு கேக்குமே, அதே கொஞ்சல். ஆளு வீட்டுக்கு வந்துட்டான், கொஞ்சல் தம்மாமுக்குப் போயிருச்சு. அடுத்த அறையில இருக்க புருசனை நெனச்சு அவ ஏங்கினா, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தப்பகூட அப்படி ஏங்கினதில்ல.

அவன் பேசி முடிக்கட்டும்னு காத்திருந்தா. அப்புறம் ஈரக் கையை முந்தானையில துடைச்சுட்டு, தன் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டா. முன்அறையில மணி அடிச்சுச்சு.

"என்னட்டி, உள்ள இருந்துக்கிட்டு போன் போடுத?"

"தண்ணி நல்லா விழுது மச்சான்"னா.

அவன் மூச்சு போன்லயும் கேட்டுச்சு, கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டுச்சு.

"வாரேன்ட்டி"ன்னான்.

முன்அறையில நாற்காலி நகருத சத்தம் கேட்டுச்சு.