பாறைக்கு மூத்த கூழாங்கல்

சுபைதா பேகத்தின் கிணற்றில் இருபதடி ஆழத்தில் பாறை தட்டியதும் மேலப்பாளையமே கூடிவிட்டது. மேலப்பாளையம் என்றால் ஏழெட்டுப் பேர். சத்தம் மட்டும் தேரோட்டத்துக்குக் காணும்.

"சொன்னேம்லா? அடிப்பாறை வந்துட்டு. இனி பாதாளம் வரைக்கும் கல்லுதான். பேசுனபடி நெலத்த எனக்கு எழுதிக் குடுளா" என்றார் அவருடைய அண்ணன் அசன் முகம்மது.

தண்ணீர் இல்லையென்றால் நிலத்தை அண்ணனுக்கே விற்றுவிடுவதாக சுபைதா வாக்குக் கொடுத்திருந்தார். கணவர் விட்டுப்போன ஒரே நிலம். சுபைதா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க பாத்துச் சொல்லுங்க. இது அடிப்பாறைதானா?"

நான் பாலசுப்பிரமணியன். அரசாங்கத்தில் ஜியாலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் முறைத்துப் பார்த்தால் பொதிகை மலையே எழுந்து நின்று தன் வயதைச் சொல்லும். நம்பாதவர்கள் மலையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வடத்தைப் பிடித்து இறங்கினேன். என் மூட்டுகள் போட்ட சத்தத்தில் பாளையங்கோட்டைப் புறாக்கள் கலைந்திருக்கும். மேலே கரிசல், அதன்கீழ் வண்டல், அதற்கும் கீழே வெள்ளையாக இறுகிய பாறை. ஒரு துண்டை உடைத்தேன். உள்ளே கூழாங்கற்கள்! ஆறு உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கிய கற்கள். அங்கேயே ஓர் ஆட்டம் போட்டேன்.

"என்னவே, உள்ள பேய் கீய் பிடிச்சுட்டா?" என்று மேலிருந்து எட்டிப் பார்த்தார் அசன் முகம்மது.

"பாய், லட்டு பிடிச்ச பொறவா வே முந்திரி காய்க்கும்? பாறைக்குள்ள கிடக்க கூழாங்கல்லுதான் மூத்தது, பாறை இளசு. மொதல்ல இங்கன ஆறு ஓடி, கல்லப் போட்டுட்டு அங்கன நகந்துட்டு. பொறவுதான் சுண்ணாம்பு எறங்கி மேல்பக்கம் இறுகியிருக்கு. இது அடிப்பாறை இல்ல வே, மூடி! அடியில ஆத்துச் சரளை கிடக்கும்."

"கிடக்கலன்னா?"

"மீசைய எடுத்துட்டு வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்புல நிக்கேன்."

"ஒம்ம மீசைய வச்சு நான் என்னவே செய்ய? நெலத்தச் சொல்லும்!"

மேலே சுபைதா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்றுக்குள் என் பக்கத்தில் நின்ற பாறை உடைக்கும் கிருபைராஜைக் குனிந்து பார்த்தார்.

"உடைங்க தம்பி."

"உளி ரெண்டு முறிஞ்சுட்டுக்கா."

"மூணாவதும் முறியட்டும். என் கிணறு, என் பாறை."

"ஏளா, ரூவாயக் கொண்டுபோயி கல்லுல கொட்டுதியே!" என்று கத்தினார் அண்ணன்.

"கல்லுலதான கொட்டுதேன் காக்கா, ஒங்க பெட்டியில இல்லல்லா."

நானும் மேலே ஏறாமல் அங்கேயே நின்றேன். பொழுது சாயும் நேரத்தில் உளியின் சத்தம் மாறியது. மூடி பொத்துக்கொண்டு சரளை சரிந்தது. பின்னாலேயே பீறிட்ட தண்ணீர் திருச்செந்தூர்க் கோபுரத்தை நனைத்தது. சரி, கிருபைராஜின் முழங்காலை நனைத்தது.

அசன் முகம்மது நெடுநேரம் எட்டிப் பார்த்தார். குரல் பைய இறங்கியது.

"நல்ல ஊத்துளா. வெலையக் கொஞ்சம் கூட்டித் தாரேன்…"

"வெலைக்கு இல்ல காக்கா. வாழைக்குக் குழி எடுக்கத்தான் ஆள் இல்ல. கூலி தாரேன், வாரியளா?"

மேலே அசன் முகம்மது கைலியை மடித்துக் கட்டினார். வேலைக்கா சண்டைக்கா என்று பார்க்கும் ஆசையில், என் மூட்டுவலியை மறந்து அவசரமாகக் கரையேறினேன்.