சனெட்டி மேட்டில் சாரம்மாள் பேசியது

சத்தியம் பண்ணுவது எங்கள் சபையில் வழக்கமில்லை. இருந்தாலும் பண்ணுகிறேன். கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை.

எங்கள் மகன் கிங்ஸ்லி எத்தியோப்பியாவில், பாலே மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தினான். போன வருடம் மலைப்பாதையில் வண்டி உருண்டது. பெட்டியில் பாளையங்கோட்டைக்கு வந்தான். அடக்கம் முடிந்ததிலிருந்து என் மனைவி சாரம்மாள் பேசவில்லை. சமைப்பாள். கோவிலில் பாட்டுக்கு எழுந்து நிற்பாள். வாய் மட்டும் திறக்காது. தொண்டையில் கோளாறில்லை என்றார் டாக்டர். மகன் போனபிறகு எனக்கும் பெரிதாக எதுவும் தோன்றுவதில்லை. பல்செட்டைக் கழுவுவேன், பேப்பர் படிப்பேன்.

கிங்ஸ்லி ஃபோனில் எப்போதும் அந்த மலையைத்தான் சொல்லுவான். அங்கே கூட்டிப்போனால் பேசிவிடுவாள் என்று எனக்கொரு நினைப்பு. பக்கத்து வீட்டுக் கார்த்திகேசனிடம் சொன்னேன்.

"வே அருமைநாயகம், முக்கூடலுக்குப் போய்ட்டு வாரதுக்கே உமக்கு மூட்டு பிடிச்சுக்கிடுது. ஆப்பிரிக்காவாம்லா!"

"அங்கன பஸ்ஸு நேரத்துக்கு வருதுவே," என்றேன். போனோம்.

அந்தப் பாலே மலையின் உச்சியில் சனெட்டி மேடு, மேகத்துக்கு மேலே இருக்கிறது. மரம் கிடையாது. ஆளைவிட உயரமான லொபிலியாச் செடிகள் தனித்தனியே நிற்கின்றன, கல்லறைத் தோட்டத்தில் தெரிந்தவர்கள் நிற்பதுபோல, ஒன்றோடொன்று பேசாமல். குளிரில் என் பல்செட் தந்தியடித்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அங்கேயும் அடித்தது.

மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்தோம், கூடவே உடன்குடிக் கருப்பட்டி. சாப்பிடுமுன் ஜெபம். நான் கொஞ்சம் நீளமாகத்தான் ஜெபிப்பேன். கண்ணைத் திறந்தபோது கருப்பட்டி நடந்து போய்க்கொண்டிருந்தது.

அடியில் ஒரு பெருச்சாளி. அந்த மேட்டு மண்ணுக்குள் வாழும் ராட்சத வகை. அதற்காகவே வளைவாசலில் காத்திருந்த செந்நிற ஓநாய் பாய்ந்தது. பெருச்சாளி தப்பிவிட்டது. கருப்பட்டி ஓநாயின் வாயில் மாட்டிக்கொண்டது. உடன்குடிச் சரக்கு லேசில் விடாது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒட்டிப்போய், நீளக் கால்களும் மெலிந்த உடம்புமாக எங்கள் எதிரே வந்து நின்றது.

வழிகாட்டி தெஸ்ஃபாயே, அசையாதீர்கள் என்று கையைக் காட்டினான். சாரம்மாள் எழுந்தாள்.

"சாரா, பைய... கடிச்சிரும்."

அவள் கேட்கவில்லை. தாடையைப் பிடித்து, விரலைவிட்டு நெம்பிக் கருப்பட்டியை எடுத்தாள். உடைத்து, சின்னத் துண்டாகத் திரும்ப நீட்டினாள்.

"பைய தின்னுலே. ஒனக்குத்தான். ஒருத்தரும் பிடுங்க மாட்டாவ," என்றாள்.

கிங்ஸ்லி சாப்பிட உட்கார்ந்தால் அவள் சொல்லுவது அதுதான். ஓநாய் தின்றது. இறங்கும் வழியெல்லாம் சாரம்மாள் பேசினாள். தெஸ்ஃபாயேவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. புரிந்தது என்று தலையாட்டினான்.

ஊர் திரும்பியதும் கார்த்திகேசன் வந்தார்.

"மதினி பேசுதாவளாம்லா? எங்க, நான் கேக்கணுமே."

"அடுப்படியிலதான் நிக்கா. போய்க் கேளும்வே."

போனார். கையில் காப்பியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குடித்து முடிக்கும்வரை தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்ததிலிருந்து இதுவரை சாரம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மேட்டிலும்தான்.